தயிர் சாதத்திலிருந்து வழி சொன்ன போன்

ஈச்சந்தட்டையில் சொரிமுத்து பஞ்சர் கடை வைத்திருந்தான். கடையைத் திறந்ததும் அவன் முதலில் திறப்பது போனைத்தான். இணையத்தில் அன்றைக்குப் புதுசாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பான். அதைக் கூட்டாளிகளைக் கூட்டிவைத்து விளக்குவான். ஆகிற காரியமாக இருந்தால் அங்கேயே செய்து பார்ப்பான். அதற்குப் பிறகு பொழுது மிச்சமிருந்தால் டயரைத் தொடுவான்.

கூட்டாளிகள் மூன்று பேர். லோடு ஆட்டோ ஓட்டுகிற கொம்பையா ஒருவன். எதையும் நாலு பக்கமும் யோசித்துவிட்டு ஐந்தாவது பக்கமாகப் போகிற இசக்கியப்பன் ஒருவன். மூன்றாமவன் சிலுவை. யார் எதைச் சொன்னாலும் "அதான் நியாயம்" என்பான். அவனால் அந்தக் கூட்டத்தில் சண்டையே வந்ததில்லை.

ஒரு தடவை சொரிமுத்து கையில் கட்டுகிற வாட்ச் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். அது மணியும் காட்டும், புத்தியும் சொல்லும். "மூச்சை உள்ளே இழுங்கள்" என்றது. சொரிமுத்து இழுத்தான். அடுத்ததைச் சொல்வதற்குள் வாட்சில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. சொரிமுத்துவின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கூட்டாளிகள் கூடி யோசித்தார்கள்.

"நாம விடச் சொல்லலாமாவே?" என்று கேட்டான் கொம்பையா.

"இழுக்கச் சொன்னது யாரோ அவருதான் விடச் சொல்லணும்" என்றான் இசக்கியப்பன்.

"அதான் நியாயம்" என்றான் சிலுவை.

நல்லவேளையாக சொரிமுத்துவுக்குத் தும்மல் வந்தது. தும்மினது அவன் குற்றமாகாது என்று இசக்கியப்பன் தீர்ப்புச் சொன்னான்.

இப்படிப்பட்டவர்கள்தான் கொம்பையாவுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள்.

கொம்பையாவுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. இந்தத் தடவை நெடுவிளையில் காந்திமதி என்ற பெண். முன்பொரு நாள் அந்த ஊருக்குச் சிமெண்டு இறக்கப் போனபோது கொம்பையா அவளைப் பார்த்திருக்கிறான். தலை முதல் கால் வரை சிமெண்டோடு நின்றவனைப் பார்த்து, "சிலை எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அவளுடைய அப்பா நயினார் மினிபஸ் ஓட்டி ஓய்ந்தவர், நேரம் தவறாதவர். வெள்ளிக்கிழமை ராகு காலம் பிறக்குமுன் வந்து பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்து ஒரு மாப்பிள்ளை காத்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொம்பையாவின் அக்காவுக்குக் கால் சுளுக்கு. அவளால் வர முடியவில்லை. பூவும் பழமும் கட்டிக் கொடுத்தாள். வழியில் பசித்தால் சாப்பிடத் தூக்குவாளி நிறையத் தயிர் சாதமும் கொடுத்தாள்.

"உங்க மச்சானையும் கூட்டிட்டுப் போ தம்பி. அவருக்கு வழி தெரியும்" என்றாள்.

"அவருக்குத் தெரிஞ்சது ஒரு வழிக்கா" என்றான் சொரிமுத்து. "போனுக்கு மூணு வழி தெரியும்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தார்கள். போன் கடவுச்சொல்லைக் கேட்டது. சொரிமுத்து சொல்லமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டான். முந்தின நாள் பார்த்த வீடியோவில், கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"போன் உம்மதுதானவே?" என்றான் கொம்பையா.

"என்னுதுதான். அதுக்காக? யாருகிட்டயும்னா யாருகிட்டயும்தான்."

"அது மனுசங்களுக்குச் சொன்னது. போனு மனுசனா?"

இசக்கியப்பன் தாடையைத் தடவினான். "கேள்வி கேக்குது. தப்பா அழுத்தினா 'மன்னிக்கவும்'ங்குது. இம்புட்டு மரியாதை தெரிஞ்சதை மனுசன் இல்லைன்னு எப்படிவே சொல்ல?"

"அதான் நியாயம்" என்றான் சிலுவை.

கடைசியில் போன்மேல் துண்டைப் போட்டு மூடினார்கள். சொரிமுத்து துண்டுக்குள் கையை விட்டு, போனுக்குத் தெரியாமல் கடவுச்சொல்லை அழுத்தினான். போன் திறந்துகொண்டது. யார் அழுத்தியது என்று அதற்கு இன்றுவரை தெரியாது.

"நேராகச் செல்லவும்" என்றது போன். ஒரு பெண்ணின் குரல், தெளிவான தமிழ். கொம்பையா நேராகப் போனான். ஊர் எல்லை தாண்டியதும் ரோடு குளத்தங்கரையில் வளைந்தது. போன் வளையச் சொல்லவில்லை. கொம்பையா வளையவில்லை. ஆட்டோ கரையிலிருந்து இறங்கி, முன்சக்கரம் முழுகத் தண்ணீரில் நின்றது.

யாரும் பதறவில்லை. "இங்க குளம் இருக்கது அதுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான் சொரிமுத்து. "காட்டுனா புரிஞ்சுக்கிடும்." போனைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தாமரை இருக்கிற பக்கம் என்று குளத்தை ஒழுங்காகச் சுற்றிக் காட்டினான். மதகைக் காட்டத் திரும்பும்போது போன் கை நழுவிக் குளத்துக்குள் விழுந்தது.

தேடி எடுத்துத் துடைத்தார்கள். சிலுவையிடம் இன்னொரு போன் இருந்தது. அதில் சொரிமுத்து அவசரமாகத் தேடி ஒரு வீடியோவைப் பிடித்தான். "போன் தண்ணியில விழுந்துட்டா பயப்படாதீங்க பிரண்ட்ஸ். உடனே ரைஸ்ல போட்டு மூடி வைங்க" என்றார் அதிலிருந்தவர்.

"ரைஸ்னா அரிசியா?" என்று கேட்டான் கொம்பையா.

"ஓட்டல்ல ரைஸ்னு கேட்டா அரிசியாவே கொண்டாந்து வைக்கான்?" என்றான் சொரிமுத்து.

"இது தயிர் போட்டதுல்லா. ஆகுமா?"

"ரொம்ப நல்லது" என்றான் இசக்கியப்பன். "காலையிலிருந்து ஓடி ஓடி போனு சூடா இருந்துச்சு. நானே தொட்டுப் பாத்தேன். சூட்டு உடம்புக்குத் தயிரைவிட வேற என்ன இருக்கு?"

போனைத் தயிர் சாதத்துக்குள் பதமாகப் புதைத்து வாளியை மூடினார்கள். சிலுவையின் போனிலேயே வழி பார்த்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. ஒருவரிடம் வழி கேட்டுவிட்டு, அவர் உடம்பு சரியில்லாமல் கிடக்கும்போது இன்னொருவரிடம் கேட்டால் முதல் ஆள் மனசு என்ன பாடுபடும் என்று இசக்கியப்பன் கேட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆட்டோவைக் கரைக்குத் தள்ளி ஏற்றிக்கொண்டிருக்கும்போது வாளிக்குள்ளிருந்து, தொண்டை கட்டிய குரலில், "வலதுபுறம் திரும்பவும்" என்று கேட்டது.

"தேறிட்டாவே" என்றான் சொரிமுத்து. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தப்பு நடக்கவில்லை. சொரிமுத்து வாளியை மடியில் வைத்து, மூடியைக் கொஞ்சம் நீக்கி, காதைக் கொடுத்துக் கேட்டுக் கேட்டுச் சொன்னான். ராகு காலத்துக்கு நேரம் இருக்கும்போதே நெடுவிளைக்குள் நுழைந்துவிட்டார்கள். ஒரு தெருவில், "நீங்கள் சேருமிடம் வந்துவிட்டது. உங்கள் சேருமிடம் இடதுபுறம் உள்ளது" என்றது வாளி.

வலதுபுறம் ஒரு வீடு. வாசலில் பெரிய கோலம். வெள்ளை வேட்டியில் நயினார் நின்று கும்பிட்டு, "வாங்க வாங்க, இதான் வீடு" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நாங்க இடது பக்கம் போகணும்" என்று பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, பூ பழத்தட்டோடு நான்கு பேரும் இடதுபுறம் நுழைந்தார்கள்.

இடதுபுறம் இருந்தது மாட்டாஸ்பத்திரி. ஆடும் மாடும் கோழியுமாகக் கூட்டம். இவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "நல்ல வசதியான இடம். கன்னுகாலி நிறைய நிக்கு" என்று சிலுவை காதோடு சொன்னான். மேசையில் மருந்துக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த கம்பவுண்டர் தலை நிமிராமல் கேட்டார்.

"என்ன கொண்டாந்திருக்கீங்க?"

"மாப்பிள்ளைய கொண்டாந்திருக்கோம்" என்றான் சொரிமுத்து.

ஆட்டுக்குச் சிலர் அப்படியும் பேர் வைப்பதுண்டு. அவர் எழுதிக்கொண்டே, "என்ன செய்யுது?" என்றார்.

"ஒரு இடமும் அமைய மாட்டேங்கு."

"தீனி எடுக்கா?"

"முன்னெல்லாம் நல்லா எடுப்பாரு. இங்க ஒருநா சிமெண்டு இறக்கிட்டு வந்ததுல இருந்து குறைஞ்சு போச்சு."

"சிமெண்டைத் தின்னுட்டா? பிடிச்சு மேசையில ஏத்துங்க."

கொம்பையா தானே ஏறிப் படுத்தான். பெண் வீட்டில் இப்படியும் ஒரு வழக்கம் இருக்கும் என்று நினைத்தான். ஊசியோடு நிமிர்ந்த கம்பவுண்டர், பட்டுச்சட்டையும் சந்தனமுமாக ஒருத்தன் மல்லாந்து கிடப்பதைப் பார்த்து ஊசியைக் கீழே வைத்தார். விசாரித்தார். "நயினாரண்ணன் வீடு எதிர்த்தாப்ல இருக்கு" என்றார்.

"தெரியும். கூப்பிட்டாரு" என்றான் சொரிமுத்து. "ஆனா அது வலது பக்கம்லா."

ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர் வாசலில் நயினார் கடிகாரத்தைப் பார்த்தார். கொம்பையா மேசையிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தான். அவளுடைய வீடு கண்ணுக்கு நேரே இருக்கிறது, தப்பான பக்கத்தில் இருக்கிறது. என்ன செய்வான்? அந்த நேரத்தில்தான் இசக்கியப்பனுக்கு அது உதித்தது.

"ஆட்டோவைத் திருப்பி நிறுத்தினா வலது இடதாயிரும்வே."

குளத்துத் தண்ணீர் குடித்த ஆட்டோ கிளம்ப மறுத்தது. நான்கு பேரும் அதைத் தள்ளித் தள்ளித் திருப்பி நிறுத்தினார்கள். திரும்ப ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். வீடு இடதுபுறம் இருந்தது. மாட்டாஸ்பத்திரிக் கூட்டம் முழுக்க வாசலுக்கு வந்து பார்க்க, மாப்பிள்ளை வீட்டார் தட்டும் வாளியுமாக முறையாக இறங்கி, ராகு காலம் பிறக்குமுன் உள்ளே போனார்கள்.

நயினார் இதையெல்லாம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு வண்டி ஓட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்கும். காந்திமதி காபி கொண்டுவந்தாள். கொம்பையாவைப் பார்த்ததும், "சிலைய கழுவிட்டாங்க போல" என்று சொல்லிச் சிரித்தாள். கொம்பையா டம்ளரை எடுக்க மறந்து தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "முடிந்தால் திரும்பவும்."

நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள். கொம்பையா அழுகிற நிலையில் இருந்தான். இருந்தாலும் எழுந்தான்.

"ஏன் எந்திரிச்சிட்டீங்க?" என்றார் நயினார்.

"திரும்பிப் போகச் சொல்லுது அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து. "முடியலைன்னாதான் இருக்கலாம். எங்களுக்கு முடியுது."

நயினார் தட்டிலிருந்த வெற்றிலையைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார். "அதைச் சரியாக் கேளுங்க" என்றார். "முடிந்தால் திரும்பவும். முடிஞ்சுதுன்னா திரும்பவும். அதாவது பொண்ணு பாத்து முடிஞ்சா, மறுபடியும் ஒருக்கா பாக்கச் சொல்லுது."

இசக்கியப்பன் அப்படியே நின்றுவிட்டான். தன்னைவிட யோசிக்கிற ஒருவரை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"அதான் நியாயம்" என்றான் சிலுவை.

ஆகவே வெளியே போய், ஆட்டோவில் ஏறி, இறங்கி, மறுபடி வந்தார்கள். நயினார் மறுபடி கும்பிட்டு வரவேற்றார். மறுபடி காபி வந்தது. காந்திமதி மறுபடி பிடித்திருக்கிறது என்றாள். வாளி மறுபடி "முடிந்தால் திரும்பவும்" என்றது. ராகு காலமாயிற்றே என்று கொம்பையா பயந்தான். முதல் தடவை நல்ல நேரத்தில் நடந்துவிட்டது, மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சிதான் என்றார் நயினார்.

வெயில் சாயத் தொடங்கியபோது காந்திமதி தட்டோடு நடந்து நடந்து களைத்துப்போனாள்.

"என்னால ஆகாதுப்பா. இந்த ஒரு தடவை அவரு காபி கொண்டு வரட்டும். நான் வந்து பாக்குதேன்."

இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. கொம்பையா அடுப்படிக்குள் போனான். நயினாரும் காந்திமதியும் அவளுடைய அம்மாவும் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார்கள். சொரிமுத்துவும் இசக்கியப்பனும் சிலுவையும் வாசலில் நின்று கும்பிட்டார்கள். கொம்பையா தலையைக் குனிந்துகொண்டு தட்டோடு வந்தான். காந்திமதி அவனை நன்றாகப் பார்த்தாள். சமைக்கத் தெரியுமா என்று கேட்டாள். அவன் தெரியும் என்று தலையாட்டினான்.

காபியைக் குடித்து முடித்ததும் நயினார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப நாங்க வாரோம். வீட்டுல போய்க் கலந்து பேசிட்டுத் தகவல் சொல்லி அனுப்புதோம்."

மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். அதற்குள் தண்ணீர் காய்ந்து ஆட்டோ ஒரே தட்டில் கிளம்பிற்று. நயினார்தான் ஓட்டினார். காந்திமதியின் மடியில் வாளி. "நேராகச் செல்லவும்" என்றது அது. ஈச்சந்தட்டை ரோட்டில் புழுதி அடங்கும்வரை நான்கு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரமாயிற்று. தகவல் ஒன்றும் வரவில்லை. கொம்பையா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தான்.

"என்னைப் பிடிச்சிருக்கும்ங்கீரா?"

"பிடிக்காமயா காபியை மிச்சம் வைக்காமக் குடிச்சாங்க?" என்றான் இசக்கியப்பன்.

"ஒருவேளை பெரிசா சீர் செனத்தி எதிர்பார்த்தாங்கன்னா?"

சொரிமுத்து அவன் தோளில் கை வைத்தான். தலையைத் தூக்கி நயினார் வீட்டின் கூரை, மாடி, பின்னால் நிற்கிற தென்னை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தான்.

"கவலைப்படாதீரும்வே. இந்த வீட்டை வித்தாவது உம்மைக் கட்டிக் குடுத்திருவோம்."