சுவர் இழந்த ஓலைக்கூடம்

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு கதை வைத்திருக்கிறேன், சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. “அரசாங்க ஓலைகளைக் குடிகளுக்குக் காட்டுவதில் வடசீமைச் சட்டம் சிறந்ததா, தென்சீமைச் சட்டமா, நம் தலைநகர்ச் சட்டமா?” என்று சபையில் கேட்டார்.

“தலைநகர்ச் சட்டமே, பிரபு,” என்றார் ஓலைக்கூடத்து அதிகாரி மதிசூடனார். “நாம் யாருக்கும் காட்டுவதில்லை. அதனால் ஓர் ஓலைகூடக் கெட்டதில்லை.”

அரண்மனை விகடன் கூத்தபிரான், வாசலில் அழுதுகொண்டிருந்த பூவாயியை உள்ளே அழைத்து வந்தான். “மூன்று சட்டத்தையும் நடந்தே பார்த்தவள் இவள், பிரபு. சொல்லு தாயி.”

“கடைமடைக்காரி சாமி நான். வாய்க்கால் தண்ணி எனக்கு எத்தன நாள்னு ஓலையில இருக்கு. மேமடைக்காரர் அடைச்சுட்டார். பயிர் இன்னும் நாலு நாள் தாங்காது. தென்சீமையில நாப்பது நாள் கழிச்சு வான்னாங்க. தென்சீமையில நாப்பது நாள் கழிச்சு வான்னாங்க. இங்க ஓலையோட எண்ணு என்னன்னு சொல்லுங்கிறாங்க. எண்ணு ஓலை மேலதான சாமி இருக்கு?”

சபை சிரித்தது. கூத்தபிரான்மேல் வெகுநாள் பொறாமை கொண்டிருந்த மதிசூடனார் மட்டும் சிரிக்கவில்லை.

“விகடரே அவளுக்குக் காட்டட்டும், பிரபு. ஆனால் ஓலை கூடத்தைவிட்டு வெளியே வரக்கூடாது. வெளியாள் உள்ளே போகக்கூடாது. மீறினால் இவர் பதவி போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும். பொழுது சாய்வதற்குள்!” என்றார் ராஜா.

கூத்தபிரான் நான்கு கொத்தனார்களைக் கடப்பாரையோடு கூட்டி வந்தான். தூண்களும் கூரையும் நிற்க, தெருப்பக்கத்து மண்சுவர் மட்டும் சரிந்தது. புழுதி அடங்கியபோது ஊரே பார்த்தது: பாதி ஓலைக்கட்டுகளைக் கரையான் தின்றிருந்தது.

“அடப்பாவி! எங்க தாத்தன் நிலத்து ஓலை என்ன கதியாச்சோ!” என்று கத்தினார் ஒரு வண்டிக்காரர்.

உள்ளேயிருந்த எழுத்தர் கட்டுக்கட்டாகப் புரட்டித் தேடினார். ஓரம் அரித்த ஓர் ஓலையைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார்: “கடைமடைக்கு மாதம் ஐந்து நாள் தண்ணீர்.”

பூவாயி தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். இந்த முறை அது வேறு அழுகை.

“சுவரை இடித்துவிட்டான், பிரபு!” என்று ராஜாவிடம் ஓடினார் மதிசூடனார்.

“ஓலை வெளியே வரவில்லை, இவள் உள்ளே போகவில்லை. சுவரைத் தொடக்கூடாதென்று சட்டம் இருக்கிறதா ஐயா?” என்று கேட்டான் பின்னாலேயே வந்த கூத்தபிரான்.

“இருக்கிறது!”

“அப்படியா? அந்த ஓலையைக் காட்டுங்கள், பார்ப்போம்.”

மதிசூடனார் கரையான் தின்ற கட்டுகளுக்குள் அந்த ஓலையைத் தேட ஓடினார். ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். மடையைத் திறக்க அப்போதே ஆள் அனுப்பினார். இனி எல்லாச் சீமைக்கும் வடசீமைச் சட்டமே என்றார். அரித்த ஓலைகளை மக்கள் பார்க்க உட்கார்ந்து பெயர்த்தெழுதும் வேலை மதிசூடனாருக்கு. கூத்தபிரானுக்குப் பட்டுச் சால்வை. அவன் கேட்டுக்கொண்டபடி, அந்தச் சுவரை மறுபடி எழுப்பவும் இல்லை.

உங்கள் வீட்டுக் கிணறு ஊறட்டும், பானை பொங்கட்டும். உங்கள் பிள்ளைகள் எந்த வாசலில் போய்க் கேட்டாலும், “உட்காருங்கள், எடுத்துத் தருகிறேன்” என்ற சொல் அவர்களுக்குக் கிடைக்கட்டும்.