எஸ்தரின் பெயர்

துறைமுக ஊர் ஒன்றில் 'மெய்யொலி' என்ற நாளிதழை நடத்திவந்தார் திருவேங்கடம். அங்கிருந்த பெரிய தனியார் மருத்துவமனையில் காலாவதியான மருந்தை ஏற்றியதால் பச்சிளங்குழந்தைகள் இறந்தன என்று அவர் எழுதினார். அந்தச் செய்தியைக் கொடுத்தவர் அங்கே நர்ஸாக இருந்த எஸ்தர். கணவரை இழந்தவர். "உங்கள் பெயர் எங்கள் வாயிலிருந்து வராது" என்று ஆசிரியர் அவருக்கு வாக்குக் கொடுத்தபோது உதவி ஆசிரியர் சிகாமணியும் உடனிருந்தார்.

மருத்துவமனை அவதூறு வழக்குத் தொடுத்தது. எஸ்தரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் ஆசிரியர் தப்பலாம். ஏற்றவில்லை; சிறைக்குப் போனார்.

எஸ்தர் சிறைக்கே போய் அவர்முன் அழுதார். "நானே கோர்ட்டில் வந்து சொல்லிவிடுகிறேன், ஐயா."

"வேண்டாம்மா. உங்கள் பெண் அந்த ஆஸ்பத்திரி காலேஜில்தானே படிக்கிறாள்? முதலில் படிப்பை முடிக்கட்டும்."

எஸ்தர் திரும்பிவிட்டார். அந்த ஆண்டு மழைக்காலத்தில் திருவேங்கடம் சிறையிலேயே நெஞ்சுவலியால் இறந்துபோனார். பொய் எழுதி மாட்டிக்கொண்டவர் என்றுதான் ஊர் பேசியது. சவ ஊர்வலத்தில் பத்திரிகைக்காரர்களைத் தவிர ஆளில்லை.

ஆசிரியர் பொறுப்பு அவருடைய மகள் அருள்மங்கைக்கு வந்தது. "அந்தப் பெயரைச் சொல்லுங்கள், மாமா. அப்பா பொய்யர் இல்லை என்று நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று கெஞ்சினாள். சிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர, சொல்லவில்லை.

சில நாளில் எஸ்தரே அலுவலகத்துக்கு வந்தார். "என் பெயரைப் போடுங்கள்."

"உங்கள் பெண்ணின் படிப்பு?" என்றாள் அருள்மங்கை.

"அவள்தான் அனுப்பினாள்."

சிகாமணி பதறினார். "ஐயா உயிரைக் கொடுத்துக் காத்த பெயர் அது. அவர் வாக்கை நாமே உடைப்பதா?"

மறுநாள் முதல் பக்கத்தில் எஸ்தரின் பெயர் வந்தது. மருத்துவமனைமீது விசாரணை தொடங்கியது. எஸ்தருக்கு வேலை போயிற்று; மகளைக் கல்லூரி வெளியேற்றியது. சிகாமணி அதன்பின் அலுவலகப் படி ஏறவில்லை.

கேட்டவர்களே, சொல்லுங்கள்: பெயரைச் சொல்ல மறுத்த சிகாமணி, அதை அச்சிட்ட அருள்மங்கை, இருவரில் யார் செய்தது சரி?

விடை: வாக்கு, அதைப் பெற்றவருக்கே சொந்தம். அருள்மங்கை கேட்டபோது சிகாமணி மறுத்தது சரி. அந்த வாக்கை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையில்லை. எஸ்தரே வந்து கேட்டபின் அச்சிட்டது சரி. அப்போது தடுக்கவும் சிகாமணிக்கு உரிமையில்லை. இதை ஒருவர் சிகாமணியிடம் சொன்னபோது, அவர், "அப்படியென்றால், அந்த அம்மா சிறைக்குப் போய் 'நானே சொல்கிறேன்' என்றாரே, அன்றைக்குத் தடுக்க ஐயாவுக்கு மட்டும் ஏது உரிமை?" என்று சொல்லி, குலுங்கி அழுதார்.