தேயாத திரி

மலையடிவார மடத்தில் ஞானாம்பிகை அம்மைதான் குரு. சீடர் முத்துக்கறுப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். சந்தோஷம் வந்துவிட்டால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார். அன்று காலை ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் நார் நாராகப் பிரிந்து தொங்கும் ஒரு கல்.

"போன வாரம் மலையில கிடைச்சது, தாயே. இதுல விளக்குத் திரி செஞ்சா ஆயுசுக்கும் தேயாது. கார்த்திகைக்கு மடம் முழுக்க இதுதான்!"

"கல்லுன்னு எப்படித் தெரியும்? பஞ்சா இருக்கலாமே."

முத்துக்கறுப்பன் ஓர் இழையை விளக்குச் சுடரில் காட்டினார். கருகவில்லை, நாற்றமும் இல்லை.

"பஞ்சுன்னா சாம்பலாயிருக்கும். முடின்னா நாறியிருக்கும். இது கல்நார், தாயே."

"அந்த இழையை ரெண்டாப் பிரிங்க."

பிரித்தார்.

"இன்னும்."

பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் விரல் நுனியில் எதுவும் இல்லை.

"எங்கே போச்சு?"

"உதிர்ந்திருக்கும்." குனிந்து தரையில் தேடினார்.

அம்மை எழுந்துபோய் சன்னலைக் கொஞ்சம் திறந்தார். வெயில் கீற்று உள்ளே விழுந்தது. முத்துக்கறுப்பனின் மூக்குக்கு நேரே மினுமினுவென்று ஏதோ மிதந்தது. கீழே இறங்குகிற எண்ணமே அதற்கு இல்லை.

"மூச்சை அடக்கிட்டு வெளியே வாங்க, ஐயா. இந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போகக் கூடாது." அம்மை கல்லை ஈரத்துணியால் மூடிவிட்டு வந்தார்.

வாசலில் முத்துக்கறுப்பனின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தாயே, என் மக பொன்னழகு வீட்டுல ஒரு வாரமா திரிக்காக இதைத்தான் சீவிக்கிட்டிருக்கா. காத்துல பறந்து வீணாப் போகுதேன்னு சன்னலைச் சாத்துனதே நான்தான். மடியில குழந்தை வேற."

"ஓடுங்க. முதல்ல ரெண்டு பேரையும் வெளியே கொண்டாங்க. பெருக்காதீங்க. தண்ணி தெளிச்சு, ஈரத்தோட அள்ளிப் புதைங்க."

பொழுது சாயும்போது திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"எல்லாத்தையும் புதைச்சாச்சு. ரெண்டு பேரும் குளிச்சாச்சு. குழந்தை சிரிக்குது, தாயே. ஒரு இருமல்கூட இல்லை."

அம்மை ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துக் கொடுத்தார்.

"மூச்சோட உள்ளே போனது கொஞ்ச நாள்ல தானாக் கரைஞ்சிடும்தானே?"

 ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூட அம்மைக்குத் தோன்றியது.

"அந்தத் திரி எத்தனை நாளைக்குத் தேயாதுன்னு சொன்னீங்க, ஐயா?"

"ஆயுசுக்கும்..." என்று தொடங்கிய முத்துக்கறுப்பன், வீடு இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.