காலி டப்பாவின் கடைசிப் பாட்டு

"இன்னிக்கு அந்தப் பாட்டைப் பாடப் போறதில்லை, சீலி. இன்னிக்கு மட்டுமில்லை, இனிமேல் எப்பவும்" என்றார் ரகோத்தமன்.

ஜெயசீலி நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடைக்கு எதிரே இருந்த ஒலி மிக்ஸர் மேஜையில் ஏதோ ஒரு விசையை அரை அங்குலம் இறக்கினாள்.

குரு என்றால் தாடி வேண்டாமா, ஆசிரமம் வேண்டாமா என்று கேட்பீர்கள். இவளுக்கு முப்பத்தாறு வயது, தாராவிக்காரி, கழுத்தில் ஹெட்போன். சீடர் ரகோத்தமனுக்கோ நாற்பத்தெட்டு. என்ன செய்வது, அப்படித்தான் அமைந்தது.

'காலி டப்பா' என்பது அவர்கள் ராக் குழுவின் பெயர். நான்கு பேர். பாடுவதெல்லாம் இந்தி. மாட்டுங்காவில் பிறந்த ரகோத்தமன்தான் பாட்டு எழுதி, பாடி, முன்னால் நிற்பவர். பதினொரு வருடமாக அவர்களுக்கு ஒலி சேர்ப்பவள் ஜெயசீலி. மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்றால் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் நால்வரும் வியர்வையோடு அவளிடம்தான் ஓடி வருவார்கள், எப்படி இருந்தது என்று கேட்க. நன்றாக இருந்தது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. உதட்டைப் பிதுக்காமல் இருந்தால் அன்றைக்குப் பிரியாணி.

பத்தொன்பது வருடத்தில் ஐந்து ஆல்பம். இரண்டாவதில் 'ரயில் நிற்காத ஊர்' என்று ஒரு பாட்டு. அது ஓடியது. ஓடியது என்றால் சாதாரண ஓட்டமில்லை, கல்யாணத்தில் பாடினார்கள், கல்லூரிப் பேருந்தில் பாடினார்கள், பல் தேய்க்கும்போது பாடினார்கள்.

அதற்குப் பிறகு எழுதிய முப்பத்து நான்கு பாட்டையும் யாரும் சீந்தவில்லை. புதுப் பாட்டு தொடங்கினால் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும். அந்தப் பழைய பாட்டின் முதல் கிட்டார் ஒலி கேட்டதும் பாதி டீயோடு ஓடி வரும்.

ரகோத்தமனுக்கு அது அவமானமாக இருந்தது. பதினேழு வருட அவமானம். இந்தூரில் இன்று சாயங்காலம் நடக்கிற கல்லூரி விழாவோடு அதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டார். பட்டியலில் கடைசிப் பாட்டைச் சிவப்பு மையால் அடித்தும் விட்டார்.

டிரம்ஸ் வாசிக்கிற ஃபாரூக் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பாட்டு இல்லையென்றால் நாளையிலிருந்து நானும் இல்லை என்று சொல்லிவிட்டான். கிட்டார்காரர்கள் இருவரும் அவன் பக்கம். போகிறவர்கள் போகட்டும், தனியாளாகவாவது புதுப் பாட்டைப் பாடுவேன் என்றார் ரகோத்தமன். சும்மா சொல்லவில்லை, மனசார இறங்கிவிட்டார்.

ஆனாலும் சீலி ஒரு வார்த்தை சரியென்று சொன்னால் தேவலை போலிருந்தது. அதற்குத்தான் இங்கே வந்து நிற்கிறார்.

"நீயாவது அந்த மூணு பேருக்கும் சொல்லு. அவங்களுக்கு என் பேச்சே கேக்கலை. அந்த ஒரு பாட்டுதான் கேக்கறது."

"சரிண்ணே, விட்டுருவோம்" என்றாள் ஜெயசீலி.

ரகோத்தமன் இதை எதிர்பார்க்கவில்லை.

"விடுறதுக்கு முன்னால ஒரு தரம் பாடிக் காட்டுங்க. முழுசா."

மணி நான்கு. மைதானத்தில் ஆறாயிரம் பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் ஒருத்தர் இல்லை. ரகோத்தமன் மேடையேறி மைக்கைக் கையில் எடுத்தார். ஒழியட்டும், கடைசித் தடவை.

முதல் சரணம் பிசகில்லாமல் வந்தது. பல்லவி தொடங்கும் இடத்தில் அவருடைய வலது கை தானாக நீண்டு, மைக்கை நாற்காலிகளுக்கு நேரே காட்டியது.

நாற்காலிகள் பாடவில்லை.

ரகோத்தமன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். பழக்கதோஷம். பல்லவியின் நாலு வரியும் கூட்டத்துக்கென்று விட்டுவிடுவதுதான் வழக்கம். அவர்கள் பாடும்போது அவர் தண்ணீர் குடிப்பார், துண்டால் முகம் துடைப்பார்.

ஜெயசீலி தூரத்திலிருந்து விரலைச் சுழற்றிக் காட்டினாள். மறுபடி.

இந்தத் தடவை மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வரவில்லை.

மறுபடி தொடங்கினார். மூன்றாவது வரவில்லை.

அவருடைய வரி. போரிவிலி லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு, சீசன் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிய வரி. கண்ணை மூடிப் பார்த்தார். காலால் தாளம் தட்டிப் பார்த்தார். ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை. விடுகிற ஆள் இல்லை அவர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு ஃபாரூக் மேடைக்கு வந்தான். சங்கதி புரிந்ததும் முகம் மாறிப்போய், போனை எடுத்து வரியைத் தேட ஆரம்பித்தான்.

ஜெயசீலி கையை உயர்த்தினாள். ஃபாரூக் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் போய் டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்தான்.

ரகோத்தமனுக்கு வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

"சீலி" என்றார் மைக்கில். மைதானம் முழுக்கக் கேட்டது. "மூணாவது வரி என்ன?"

அவள் தன் மைக்கின் விசையை அழுத்தினாள்.

"ஏழு மணிக்கு ஆறாயிரம் பேரு வாராவ. அவங்ககிட்டக் கேட்டுக்கிடுங்க."

ஏழு மணி எப்போது ஆகும் என்று இருந்தது ரகோத்தமனுக்கு.