அடுப்படிக்கும் சேருமா?

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மடம். அங்கே சமையல் குற்றாலிங்கம் அண்ணாச்சி. சம்பளத்துக்கு வந்தவர், பழைய சாமி காலத்திலேயே தீட்சை வாங்கிச் சீடராகவும் ஆகிவிட்டார். இப்போதைய சாமி வயதில் அவருக்கு இளையவர்.

மடத்தில் ஒரு வழக்கம். வேலையை விட்டுப் போகிறவர் சாமி கையால் திருநீறு பூசிக்கொண்டுதான் போக வேண்டும். பூசாமல் போனால் ஓடிப்போனதாகத்தான் கணக்கு.

அண்ணாச்சி பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டார்.

“சாமி, ஊருக்கே போயி இருந்துக்கிடலாம்னு பாக்கேன்.”

“குருபூசை வருதே அண்ணாச்சி.”

குருபூசை முடிந்ததும் மறுபடி கேட்டார்.

“மழை கழியட்டும். நீங்க போயிட்டா இந்த ரசத்துக்கு நான் எங்க போவேன்?”

சொல்லிவிட்டுச் சாமி சிரிப்பார். கை மட்டும் திருநீற்றுத் தட்டுப் பக்கம் போகாது. அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்புவார். ரசம் நன்றாக வைத்ததுதான் அந்த மனுஷன் செய்த குற்றம், வேறென்ன சொல்ல.

ஊரில் அவர் மனைவி செண்பகத்துக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. இனித் தேறாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ‘முழுசா இருட்டுறதுக்குள்ள வந்து சேருங்க, உங்க மூஞ்சியைக் கொஞ்ச நாள் பாத்துக்கிடுதேன்’ என்று போனில் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லி அழுது விடை வாங்க அண்ணாச்சிக்குக் கூச்சம். யாரிடமும் சொல்லவில்லை. கரண்டியைத் தூக்கவே அலுப்பாக இருந்தது அவருக்கு.

ஒருநாள் மதியப் பந்தியில், தனியார் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி சாமிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“ராஜினாமா கொடுத்தேன் சாமி. வாங்க மாட்டேங்காங்க. என் சர்ட்டிபிகேட்டையும் பூட்டி வச்சிருக்காங்க. கேட்டா, நீ எங்க குடும்பத்துல ஒருத்தியாச்சேங்காங்க.”

“எதுக்குப் போறேன்னு கேட்டாங்களாம்மா?”

“கேக்கலையே சாமி.”

“அப்போ அது குடும்பம் இல்லம்மா. அவங்களுக்கு அவங்க வேலை நடக்கணும், அவ்வளவுதான்.”

ரசம் ஊற்ற வந்த அண்ணாச்சி வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

பந்தி கலைந்ததும் சாமியிடம் வந்தார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“அந்தப் பிள்ளைக்குச் சொன்னது அடுப்படிக்கும் சேருமா?”

சாமியின் முகம் வாடிவிட்டது.

“வீட்டுல என்ன அண்ணாச்சி?”

அண்ணாச்சி சொன்னார். நின்றபடியே, சுருக்கமாகச் சொன்னார்.

சாமி எழுந்துபோய்த் தட்டை எடுத்து வந்தார். அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசினார். அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கால் நகரவில்லை.

“ராத்திரிப் பந்திக்கு ஆளில்லையே சாமி. இன்னைக்கு மட்டும் வச்சுக் கொடுத்துட்டுக் காலையில…”

சாமி மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. புளிப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“ரசத்துக்கு இதுல எவ்வளவு கரைக்கணும்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்புங்க அண்ணாச்சி, பஸ்ஸு போயிடும். மிச்சத்தை நான் கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிடுதேன்.”