நெருஞ்சிக்குச் சிறைவாசம்

"ஐயோ! செத்தேன்!"

பூந்தோட்டத்திலிருந்து வந்த அலறலில் அரண்மனையே ஆடிப்போனது. அபாய மணி அடித்தது. ஏன் அடிக்கிறோம் என்று அடித்தவனுக்கே தெரியவில்லை. காவலர்கள் கோட்டைக் கதவை மூடினார்கள். எதிரி உள்ளே இருந்தால் என்ன ஆவது என்று பயந்து மறுபடி திறந்தார்கள். பாகன் யானையை அவிழ்த்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று யானையிடமே கேட்டுக்கொண்டு நின்றான்.

முன்னொரு காலத்தில், எந்த வரைபடத்திலும் அகப்படாத ஒரு நாட்டில் நடந்தது இது. அலறியவர் மன்னர் அதிரூபர். பூசைக்கான பூக்களை மன்னரே வெறுங்காலுடன் போய்ப் பறிக்க வேண்டும் என்பது அவர்கள் குல வழக்கம். அன்று அரச பாதத்தில் தைத்தது எதிரியின் அம்பு அல்ல, நெருஞ்சி முள்.

காலில் கட்டுடன் மன்னர் சபையைக் கூட்டினார்.

"இனி என் தோட்டத்தில் எந்தக் களையும் சூரியனைப் பார்க்கக் கூடாது! பார்க்க விடுபவர் யாராயினும் நாடு கடத்தப்படுவார்!"

"சிப்பாய்களை விட்டுப் பிடுங்கிவிடலாமே, அரசே?" என்றார் ஓர் அமைச்சர்.

"போன முறை அரசியின் மல்லிகையையும் சேர்த்தல்லவா பிடுங்கினார்கள்? பிடுங்கவும் கூடாது, கொத்தவும் கூடாது!"

சபைக்குத் தலை சுற்றியது. தளவாய் சிங்கராயர் மட்டும் மீசையைத் தடவியபடி எழுந்தார். எல்லைப் போரில் ஆயிரம் எதிரிகளை வெட்டிக் குவித்ததாகச் சொல்லி, வீரக்கழல் வாங்கக் காத்திருந்தவர் அவர். அந்த வெற்றி விருந்தில் விகடகவி கூத்தபிரான், "நம் சிப்பாய் ஒருவருக்குக்கூட ஒரு கீறல் இல்லையே, என்ன மருந்து போட்டீர்கள்?" என்று கேட்டுத் தொலைத்திருந்தார். அந்த எரிச்சல் தளவாய்க்கு இன்னும் ஆறவில்லை.

"இந்த நுட்பமான வேலைக்கு நம் கூத்தபிரானை விட்டால் யார் இருக்கிறார், அரசே? கஜானாவில் கை வைக்காமலே முடித்துவிடுவார். முடியாவிட்டால்தான் இருக்கவே இருக்கிறதே தண்டனை!"

கூத்தபிரான் எழுந்து வணங்கினார். "ஒரே ஒரு சந்தேகம், அரசே. களையை ஒழிக்க வேண்டுமா, அது சூரியனைப் பார்க்காமல் இருந்தால் போதுமா?"

"சொன்னதைச் சொன்னபடி செய்யும்!"

மறுநாள் முதல் அரண்மனையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கூத்தபிரான் தோப்பில் சருகு பொறுக்கினார். திருவிழாப் பந்தலிலிருந்து பிரித்துப் போட்ட கீற்றுகளை வாரி வந்தார். பிறகு நான்கு வண்டிகளுடன் ஊரை விட்டே போனார். "ஓடிவிட்டார்!" என்றது பாதி அரண்மனை. "வீடு கட்டப் போகிறார்" என்றது மீதி. வண்டிகள் நிறைய வைக்கோலுடன் அவர் திரும்பி வந்தபோது காவலனுக்குப் பெரிய குழப்பம்.

"சுவாமி, வைக்கோலுக்கு நடுவே கிழிந்த தலைப்பாகையெல்லாம் கிடக்கிறதே! வைக்கோலுக்கு எதற்குத் தலைப்பாகை?"

"வெயில் படாமல் இருக்கத்தானப்பா!"

காவலன் அன்று முழுதும் யோசித்துப் பார்த்தான். விளங்கவில்லை.

கூத்தபிரான் மண்ணை நன்றாக நனைத்தார். செடிகளின் தண்டை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டு, மற்ற இடமெல்லாம் கீற்று, அதன்மேல் சருகு, அதன்மேல் வைக்கோல் என்று கனமாகப் பரப்பினார். மழை வந்தது. கோட்டைக்கு வெளியே புல் இடுப்பளவு வளர்ந்தது, நெருஞ்சி தரையெங்கும் படர்ந்தது. தோட்டத்தில் மல்லிகை மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

மன்னர் பயந்து பயந்து வெறுங்காலை வைத்தார். மெத்தையில் நடப்பது போலிருந்தது.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "ஏமாறாதீர்கள், அரசே! களை ஒழியவில்லை. இந்தக் குப்பைக்குள் ஒளிந்திருக்கிறது. இதோ!" என்று வைக்கோலை இரு கைகளாலும் வாரி எறிந்தார். அடியில் வெளுத்துத் துவண்ட ஒரு நெருஞ்சி முளை, வெயில் பட்டுக் கண் கூசியது போலக் கிடந்தது.

"காவலர்களே, ஓடி வாருங்கள்!" என்று கூவினார் கூத்தபிரான். "அரச கட்டளை மீறப்பட்டுவிட்டது! நான் இருட்டுச் சிறையில் வைத்திருந்த களைக்குத் தளவாய் சூரியனைக் காட்டிவிட்டார்!"

யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் காவலர்கள் தளவாயையும் நெருஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிங்கராயர் பதறிப்போய் முளையை வைக்கோலால் மூடித் தட்டிக்கொடுத்ததைப் பார்த்து இன்னும் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

"அது சரி, கூத்தபிரானே! காசில்லாமல் இவ்வளவு வைக்கோல் உமக்கு எங்கே கிடைத்தது?"

"எல்லையில்தான், அரசே. தளவாய் வெட்டிக் குவித்த ஆயிரம் எதிரிகளும் தலைப்பாகையோடு அங்கேயே கிடந்தார்கள்!"