ரச வாளியும் பதினேழு கட்டமும்

வில்வநாதனுக்கு எதிலும் வேகம் வேண்டும். டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில், பிள்ளைகள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடையைப் போர்டில் எழுதி அடியில் கோடும் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ள ரெஜினாவின் கடைக்கு வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டையில் அப்போது கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரெஜினா அவரைவிட ரொம்பச் சின்னவள். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை மேடம் என்பார்.

ஒரு நாள் பால் சொசைட்டியின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. டிஸ்க் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடவேண்டுமாம்.

ஹார்ட் டிஸ்க் என்பது ஓயாமல் சுற்றும் தட்டு. அந்த டிஸ்க்கில் ஒரு வட்டத்துக்குப் பதினேழு கட்டம்; சுற்றச் சுற்ற மெஷின் அவற்றை நம்பர் வரிசைப்படி ஒவ்வொன்றாகப் படிக்கும். வில்வநாதன் பார்த்தார். ஒன்றாம் நம்பர் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டைக் காணோம். நடுவில் வேறு நம்பர்கள் இருக்க, இரண்டாம் நம்பர் தள்ளிக் கிடந்தது.

"எவன் இப்படிக் கலைச்சுப் போட்டது?" என்று திட்டிக்கொண்டே, உள்ளே இருந்ததை பிளாப்பியில் எடுத்து வைத்தார். டிஸ்க்கைத் துடைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நம்பர் போட்டார். எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டுப் பெருமையாக ஆன் செய்தார்.

நாசமாய்ப் போச்சு. முன்னால் ஒரு மூச்சில் வந்த உறுப்பினர் பட்டியல், அவர் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் பாதிதான் வந்திருந்தது.

"மெஷினே மட்டம், மேடம். வேற வாங்கச் சொல்லிருவோம்."

ரெஜினா எட்டிப் பார்த்தாள். வில்வநாதன் நிறுத்தவில்லை.

"அந்தச் சொசைட்டியில ஆளும் அப்படித்தான். முப்பிடாதின்னு ஒரு கிளார்க். புருஷன் செத்து அவன் வேலை இவளுக்கு வந்திருக்கு. மெஷினை ஓட்டச் சொல்லிக்குடுங்கன்னு செக்ரட்டரி என்கிட்ட விட்டார். நானும் தொண்டத்தண்ணி வத்தச் சொல்றேன். எதுக்கெடுத்தாலும் 'ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம் சார்'ங்கா. மண்டையில ஏற மாட்டேங்குது. தேறுவாளான்னு கேட்டு சாயங்காலம் போன் பண்ணுவார். தேறமாட்டான்னு சொல்லிரப்போறேன்."

"சொன்னா?"

"வேலை வேற ஆளுக்குப் போயிரும். பாவந்தான், ரெண்டு பிள்ளைக இருக்கு. நான் என்ன செய்ய?"

"சாப்பிடப் போவமா, அண்ணாச்சி?"

பக்கத்துத் தெரு மெஸ்ஸில் நல்ல கூட்டம். பரிமாறுகிற ஐயம்பெருமாள் வாளியும் கரண்டியுமாக மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ரெஜினா அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. வில்வநாதனுக்குப் போன வாரம்தான் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியிருந்தார்கள். ஒரு பக்கமாகத்தான் மெல்ல முடியும். பாதிச் சாம்பார் சோறு இலையில் இருக்கும்போதே ரச வாளி வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்ப்பா!"

ஐயம்பெருமாள் நிற்கவில்லை. பக்கத்து இலைக்குப் போய்விட்டார். வில்வநாதன் அவசரமாக விழுங்கி நிமிர்ந்தபோது வாளி அடுத்த மேஜையில் இருந்தது. மறுபடி அது சுற்றி வரும்வரை வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துவிட்டது.

ஒருவழியாக ரசம் வந்தது. பிசைந்து இரண்டு வாய்தான் வைத்திருப்பார், மோர் வாளி வந்து நின்றது.

"ஏ, ஒரு நிமிஷம்ப்பா! ஒரு நிமிஷம்!"

மோரும் போய்விட்டது. கூட உட்கார்ந்தவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

"ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்கு ஒரு முழுச் சுத்து ஆகுதே, அண்ணாச்சி" என்றாள் ரெஜினா.

"பின்னே? மென்னு முழுங்க வேண்டாமா? முழுங்குறதுக்குள்ள அடுத்தது தாண்டிப் போனா..."

பேச்சு அப்படியே நின்றது. மோருக்குக்கூடக் காத்திராமல் எழுந்து கடைக்கு ஓடினார்.

டிஸ்க்கை மறுபடி துடைத்தார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் விட்டுப் பார்த்தார். இழுத்தது. இரண்டு கட்டம் விட்டார். பட்டியல் சடசடவென்று வந்து விழுந்தது.

"அடி சக்கை! மேடம், இங்க வாங்க! மெஷின் ஒண்ணாம் கட்டத்தை வாங்கி முழுங்குறதுக்குள்ள ரெண்டாவது தாண்டிப் போயிருது. அப்புறம் அது வர ஒரு முழுச் சுத்து காத்துக் கிடக்கு, பாவம். கலைச்சுப் போட்டவன் விவரமானவன். நான்தான் கூமுட்டை."

"அப்ப வேற மெஷின் வாங்க வேண்டாமா?"

"எதுக்கு? இது தங்கமான மெஷின்லா!"

ரெஜினா சிரித்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. செக்ரட்டரிதான்.

"சார், முப்பிடாதி தேறுவாளா, மாட்டாளா?"

வில்வநாதன் வாயைத் திறந்தார். விடை நாக்கு நுனியில்தான் இருந்தது. காலையிலேயே எடுத்துவைத்த விடை.

"ஒரு நிமிஷம் சார்" என்றார்.

சொன்னதும் அவருக்கே சுருக்கென்றது. ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ரெஜினாவைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை தேறுமா, மேடம்?"

ரெஜினா கம்ப்யூட்டரின் மூடியை மாட்டி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அவ இன்னும் சாம்பார் சோத்துலதான் இருக்கா, அண்ணாச்சி."